கட்டாரை விடத் தூரம் ஏறாவூர்

என் கணவர் றிப்ஷான் ஏறிய விமானம் கைப்பேசித் திரையில் ஒரு மஞ்சள் குருவியைப் போல நகர்ந்துகொண்டிருந்தது. விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தவள், எழும்பவேயில்லை. தோஹாவிலிருந்து கொழும்புக்கு மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர், நாலே முக்கால் மணித்தியாலம். ஓமான் கரை முடிந்ததும் வெறும் நீலம். அந்த நீலத்துக்கு மேலே அவர் ஜன்னலோரமாகத் தூங்குவார், வாய் கொஞ்சம் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது பத்துக்கு விமானம் இறங்கியது. பத்து மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டு வான் வண்டி புறப்பட்டால் ஆறரை மணித்தியாலத்தில் அவருடைய உம்மா இருக்கும் ஏறாவூர். அங்கிருந்து காத்தான்குடிக்கு இருபது கிலோமீற்றர்தான். ஐந்தேகாலுக்கு எங்கள் வாசலில் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆணுக்கு மனைவியின் வீடுதான் வீடு. இரண்டு வருடம் கழித்து வருகிறவர் வேறெங்கே போவார்?

ஆறு மணியாகியும் வான் வரவில்லை. அவருடைய கைப்பேசி அணைந்து கிடந்தது. வான் சாரதி ஜிப்ரிக்கு எடுத்தேன்.

“ராத்தா, அவர் ஏறாவூர்ல உம்மாட ஊட்ட இறங்கிட்டாரே! அஞ்சு நிமிஷம் எண்டு சொன்னார். ஒண்டரை மணித்தியாலமா நான் வாசல்லதான் நிக்கன்.”

“பெட்டிய இறக்கினாரா?”

“இல்ல, அதெல்லாம் வானுக்குள்ளதான் கிடக்கு.”

என் உம்மா சிரித்தார். “பெத்தவளப் பாக்கப் போனதுக்கு ஏன் புள்ள மூஞ்சத் தூக்குற? பெட்டி திறக்கிறது இஞ்சதானே.”

“பெட்டி வானுக்குள்ள, ஆள் அங்க ஊட்டுக்குள்ள. எனக்குப் பெட்டியா வேணும்?”

தெருவில் போன ஓட்டோவை மறித்து ஏறினேன். கல்லடிப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. அந்த விமானம் இந்த இருபது கிலோமீற்றரை ஒன்றரை நிமிடத்தில் கடந்திருக்கும். வாவியில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எனக்கென்று சேர்த்து வைத்த கதைகளையெல்லாம் அவர் இப்போது தன் உம்மாவுக்கு, என் மாமிக்கு, சொல்லிக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பும், அந்த முதல் பசியும் மாமிக்குத்தான்.

ஏறாவூரில் கதவு திறந்தே இருந்தது. அவர் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைகூடக் கழற்றவில்லை. மாமி பக்கத்தில் உட்கார்ந்து பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“சத்தம் போடாத ஸில்மியா,” என்றார் மெதுவாக. “வந்தான், தண்ணி குடிச்சான், சாஞ்சான். கடைசி ரெண்டு நாளும் உறக்கமில்லாம வேலையாம். எனக்கிட்ட ஒரு கதையும் கதைக்கல்ல.”

“எழுப்பியிருக்கலாமே மாமி?”

“எழுப்பினா உன்ட ஊட்டுக்குப் போயிருவான்.”

என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

நானும் உட்கார்ந்தேன். இந்தத் தூக்கத்தைத் தவிர மாமிக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று எனக்கு விளங்கியது. விளங்கி என்ன? அவர் தன் முந்தானையால் மகனின் நெற்றி வியர்வையை ஒற்றி எடுத்தார். நான் ஒற்ற வேண்டிய வியர்வை அது. 

“மாமி, இவர் எத்தன மணிக்கு வந்த?” என்று உரக்கக் கேட்டேன். நாலரைக்கு என்று எனக்குத் தெரியும்.

தூங்கியவர் கண் விழித்தார். என்னைப் பார்த்து, “புள்ள, நீயா?” என்று எழுந்து உட்கார்ந்தார்.

மாமி பத்திரிகையை நாலாக மடித்தார். பிறகு, வானைத் திருப்பும்படி ஜிப்ரியிடம் சொல்ல வாசலுக்கு நடந்தார்.