எண் வில்லை கட்டிய பவளங்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அறிக்கையில் ஒரு வரி: 'பவளத் திட்டில் நோய் பரவக் காரணம் கடல்நீரின் வெப்பம்.' எழுதியவர் டாக்டர் ஹேமிஷ். நான் அவருடைய உதவியாளர். அன்று படகில் நானும் இருந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஃபிஜியின் நீலக் கடலில், அந்த அழகிய காலை…' (அடித்துவிட்டேன். அழகாம்!)

2

பவள நோய் பார்க்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. நலமான திட்டில் முதலில் இறங்கவேண்டும், நோய்த் திட்டில் கடைசியில். பிறகு எல்லாச் சாமானையும் குளோரினில் அலசவேண்டும்.

அன்று படமெடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். காலை வெயில் நோய்த் திட்டில்தான் நன்றாக விழுகிறதாம். ஊரின் கடல்காவலர் விலிமைனா படகிலேயே மறித்தாள்.

"டாக்டர், மொதல்ல எங்க தம்பு திட்டுக்குப் போங்க. சீக்கு இருக்கற எடத்துக்குக் கடைசியாத்தான் போகணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

"ஒரு நாள்தானே விலி. இவங்க மத்தியானம் கெளம்பணும்."

"சீக்குக்கு நாள் கெழமை தெரியுமா டாக்டர்?"

எல்லாரும் சிரித்தோம். நோய்த் திட்டுக்கே முதலில் போனோம், பிறகு தம்பு திட்டுக்கு.

(தம்பு திட்டு: தலைவர் இறந்த துக்கத்துக்காக நூறு நாள் மீன்பிடிக்காமல் மூடிய திட்டு. அத்தனை நாளும் ஊர் டின் மீன் தின்றது. ஆராய்ச்சி என்று நம்பி எங்களை மட்டும் உள்ளே விட்டது.)

3

ஹேமிஷை அயோக்கியனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. செத்த பவளத்தைப் பார்த்தால் கண் கலங்குகிற மனிதர். அதுதான் என் வயிற்றெரிச்சலைக் கூட்டுகிறது.

மூன்று வாரத்தில் தம்பு திட்டில் கறுப்புப் பட்டை நோய் வந்தது. பட்டை ஊர்ந்த வழியில் சதை போய், வெறும் வெள்ளை எலும்பு. நாங்கள்தான் கொண்டுபோனோம் என்று நிரூபிக்க முடியாது. தண்ணீரும் சூடாகத்தான் இருந்தது. ஆனால் நோய் கண்டதெல்லாம் அன்று நாங்கள் அடையாளத்துக்கு எண் வில்லை கட்டிய பவளங்கள். கட்டியது…

கட்டியது நான். நோய்த் திட்டில் போட்டிருந்த அதே கையுறையோடு. அவசரத்தில் அலசவில்லை.

4

முடிவு ஒன்று: டாக்டர் ஊர்முன் மன்னிப்புக் கேட்கிறார். (கேட்கவில்லை.)

முடிவு இரண்டு: விலிமைனா அறிக்கையைக் கிழிக்கிறாள். (அதுவும் இல்லை. நிதானமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.)

"சூடு, வில்லை இருக்கற பவளமாப் பாத்துப் பாத்துக் கடிச்சிச்சா தங்கச்சி?"

அறிக்கையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு ஊர்க் கூட்டம். அங்க வந்து உன் வாயால சொல்லு."

கூட்டத்துக்குப் போனேன். பேச எழுந்தேனா? அதை எழுதமாட்டேன். எழுதினால், எழுந்து பேசியதாகத்தான் எழுதிவிடுவேன்.