மூன்று புள்ளடி

கணவர் இந்திரகுமார் இறந்து ஐந்து மாதம் கழித்து, அவருடைய உடுப்புப் பையை எடுத்துப்போக நிரஞ்சினி நகரத்து நோபல் பார்க்கிலிருந்து கிப்ஸ்லாந்து நாட்டுப்புறத்துக்கு ரயிலில் வந்தாள். பையைவிட அவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

இறைச்சித் தொழிற்சாலையில் அவரோடு வேலைசெய்து, ஒரே அறையில் தங்கியிருந்த ஸ்ரீகாந்தனிடம் நிலையத்திலேயே கேட்டாள்.

"ஆர் தம்பி அவரை ஸ்ட்ரைக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது?"

அவனுக்கு விளங்கவில்லை. அங்கே வேலைநிறுத்தம் நடந்ததேயில்லை.

அவள் விவரம் சொன்னாள். சாவதற்கு முதல்நாள், வியாழன் பின்னேரம், அவர் சிரித்துக்கொண்டே போன் எடுத்து, இன்றைக்கு மூன்று ஸ்ட்ரைக் என்றாராம். தற்காலிக விசாவில் இருக்கிற மனுசன். அவள் கத்திவிட்டாள்.

"உங்களுக்கென்ன விசரோ? விசாவை வெட்டிப்போட்டால் பிள்ளையோடை நான் எங்கை போறது?"

அவர் இரண்டு தரம் திரும்ப எடுத்தார். அவள் போனைத் தொடவில்லை. மறுநாள் காலை வேலைக்கு நடந்துபோகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை.

ஸ்ரீகாந்தன் அவளை ஊர் மண்டபத்துக்குப் பின்னாலிருந்த நீண்ட மரக்கொட்டகைக்குக் கூட்டிப்போனான். நூறு வருடத்துக்கு முன் மரமறுப்பவர்கள் தங்களுக்கென்று கட்டிய, பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் கூடம். மெஷின் கிடையாது. விழும் கட்டைகளை ஒருவர் பின்னாலிருந்து கையால் நிமிர்த்த வேண்டும். வியாழக்கிழமைகளில்தான் ஆட்டம். கட்டை நிமிர்த்தப் போன இந்திரகுமார், பிறகு பந்து உருட்டவும் பழகியிருந்தார்.

சாவி வைத்திருந்த கென் என்ற கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கரும்பலகையைக் காட்டினார். ஆங்கிலத்தில் 'குமார்' என்று எழுதி, நேரே மூன்று புள்ளடி, X X X. வாராவாரம் பலகையைத் துடைப்பவர்கள் அந்த ஒரு வரியைத் தொடாமல் விட்டிருந்தார்கள்.

"எல்லாம் பிழையோ?" என்றாள் நிரஞ்சினி.

"பிழையில்லை அக்கா. ஒரே உருட்டிலை பத்துக் கட்டையும் விழுந்தால் புள்ளடி போடுவினம். அதுக்குப் பேர்..." அவன் நிறுத்தினான்.

"ஸ்ட்ரைக்," என்றாள் அவள்.

அன்றுதான் அவருக்கு முதல் தரம் விழுந்ததாம், அடுத்தடுத்து மூன்று. வெளியே ஓடிப்போய்ப் போன் எடுத்தாராம்.

"வந்து என்ன சொன்னவர்?"

"நீங்கள் வேலையாய் நிக்கிறியள் போல, நாளைக்கு ஆறுதலாய்ச் சொல்லுவம் எண்டவர்."

அவள் மரப்பாதையின் ஓரத்தில் குந்தினாள். போனை எடுத்து, ஐந்து மாதமாக அழிக்காமல் வைத்திருந்த அந்த இரண்டு தவறிய அழைப்புகளையும் கிழவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். எதற்குக் காட்டுகிறாள் என்று தெரியவில்லை. உன் கணவன் நல்ல ஆட்டக்காரன் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஸ்ரீகாந்தன் எதையும் மொழிபெயர்க்கவில்லை.