அண்ணன் அடித்த டிரம்ஸ்

ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில், இரண்டாவது பாட்டின் நடுவே ஹால் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்ததும் மேடையில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த அவள் பார்வை தன் செல்போனுக்குப் போனது.

அவள் அங்கே ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். அவன் ஸ்டாஃப் பஸ் டிரைவர். போன வருஷம்வரை அவள் கிதார், அவன் டிரம்ஸ். ஒத்திகைக்கு நேரத்துக்கு வருவதில்லை என்று நாலு பேர் முன்னால் அவள் சொல்லப்போக, குச்சிகளைப் போட்டுவிட்டுப் போனவன்தான்; ஆறு மாதமாகப் பேச்சில்லை. "நான் அடிச்சு ரெக்கார்ட் பண்ணத அவ எங்கயும் போடக் கூடாது" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தான்.

அதைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருந்தாள். மேடையில் இருந்தது ஒரே ஆம்ப், சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. ஒரு துளையில் கிதார் வயர், இன்னொன்றில் செல்போன் வயர். போனிலிருந்து அவனுடைய டிரம்ஸ். இன்றைக்கு அவனுக்கு வெளியூர் டிரிப் என்று விசாரித்துக்கொண்டுதான் வாசிக்கவே ஒத்துக்கொண்டாள். அந்த டிரிப் ரத்தானது அவளுக்குத் தெரியாது.

அவன் விறுவிறுவென்று மேடையேறி, ஆம்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கை போன் வயர் பக்கம் போனது. பிடுங்கினால் தீர்ந்தது, பெரிய டாக்டர் முதல் வார்டு ஆயா வரை எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் விரல்கள் தம் போக்கில் ஓடின. உயிர் மட்டும் அந்த வயரில் இருந்தது.

அவன் பிடுங்கவில்லை. ஆம்பில் கிதார் குமிழைத் திருகி அதன் சத்தத்தைப் பாதியாக இறக்கினான்.

பாட்டு முடிந்து கைதட்டினார்கள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ல?" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பியாண்ணா?"

"மாட்டேன்."

"அப்புறம் ஏன் பிடுங்கல?"

"டிரம்ஸ அமுக்கிட்டு நீ மட்டும் கத்திட்டிருந்த. நான் அடிச்சது நாலு பேர் காதுல விழட்டுமே."

மூன்றாவது பாட்டு முழுக்கக் குமிழை விடவில்லை. அவள் தனியாக வாசிக்கும் இடத்தில் ஏற்றினான், முடிந்ததும் இறக்கினான். ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஆனாலும் எந்த நிமிஷம் முறுக்கிக்கொள்வானோ என்று அவள் தோள் இறுகியே இருந்தது.

நாலாவது பாட்டைப் போட அவள் குனிந்தபோது அவன் போனைக் கையால் மூடினான்.

"இது வேண்டாம். கடைசியில தாளத்த விட்டுட்டு ஓடியிருப்பேன்."

"தெரியும். அந்த இடத்துல நானும் கூடவே ஓடிடுவேன். அப்படித்தான் பழகியிருக்கேன்."

முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு அவன் கையை எடுத்தான்.

அந்த இடம் வந்தது. டிரம்ஸ் தலைதெறிக்க ஓடியது, அவளும் ஓடினாள். இரண்டும் ஒரே அடியில் போய் நின்றன.

கைதட்டல் அடங்குமுன் அவன் இறங்கிவிட்டான்.

"ஆம்ப நீ தூக்காத. பஸ்ஸ வாசலுக்குக் கொண்டு வரேன்."

அவன் கதவைத் தாண்டிய பிறகு அவள் இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றாகச் சுற்றி வைத்தாள்.