கடைவரிசை மாதுளைகள்

குன்றின் நீள்நிழல் சரிவின்மேல் சுருங்கிக்கொண்டே செல்ல, இளவெயில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரிசையாய்த் தொட்டு எழுப்பிய அக்காலைப்பொழுதில், மாதுளந்தோப்பு இருவேறு பருவங்களை ஒருங்கே சுமந்து நிற்பதைக் கண்டிருந்தால், கற்றறிந்தோரே, நீவிரும் சற்றே நின்றிருப்பீர். மேல்வரிசைகளில் இலை தழைத்துப் பூக்கள் செந்தீயெனக் கனன்றன. கடைவரிசையின் இருபது மரங்களோ நோயுற்றார் மேனிபோல் வெளிறிச் சுருண்டு, அடிமரத்தில் தீட்டிய சுண்ணாம்புக் கோட்டோடு கோடரிக்குக் காத்திருந்தன. வேரழுகல் என்று முடிவுகட்டி அக்கோட்டினை இட்டவன் தோப்புக்காரன்.

அவன் மனைவிக்கு அன்று அதனினும் பெரிய கவலை. நீர்ப்பாசன ஆய்வாளர் வருகின்றார். சொட்டுநீர்க் குழாயின் ஒழுக்கு எல்லா மரத்திற்கும் ஒரே அளவாய் இல்லையெனில், நீர் வீணாகிறதென்று கிணற்றுநீர் இறைக்கும் எக்கியைப் பூட்டி முத்திரையிடுவது சட்டம். கோடை முழுதும் எக்கி பூட்டிக் கிடந்தால், தோப்பு முழுதும் தானே பட்டுப்போகும்; கோடரியே தேவைப்படாது.

வந்த ஆய்வாளர் நடுவயதுப் பெண்; சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார்.

"டீ குடிச்சிட்டுப் பாக்கலாமே மேடம்," என்றான் தோப்புக்காரன்.

"டீ இருக்கட்டும். முதல்ல தண்ணியப் பாப்போம்."

வரிசைக்கொன்றாக அளவுக்குவளைகளை வைத்துக் கடிகாரத்தை நோக்கி நின்றார். ஐந்து மணித்துளியில் மேல்வரிசைக் குவளை வழிந்தோடியது. கடைவரிசைக் குவளையின் அடி நனைந்ததோடு சரி. மேல்வரிசையில் நீர் விடும் சிறு சொட்டுவான் ஒன்றைக் கழற்றி அவர் வெயிலில் உயர்த்திப் பார்த்தார்.

"இந்த ஓட்டையப் பெருசு பண்ணினது யாரு?"

"யாரும் தொடலைங்க மேடம். கம்பெனிக்காரன் குடுத்ததே அப்படித்தான்," என்று துணிந்துரைத்த மனைவி, கணவன் வானத்தை அண்ணாந்து பார்ப்பதைக் கண்டாள். இருபது ஆண்டு இல்லறத்தில் அப்பார்வையின் பொருளை அவள் நன்கறிவாள்.

"என்னங்க, மழை ஏதும் வருதா?"

"மேல கல்லுத்தரை," என்றான் அவன் தாழ்ந்த குரலில். "சொட்டுச் சொட்டா விழுந்தா எப்படிப் பத்தும்னு, போன வருஷம் ஊசியைச் சுட்டுக் கொஞ்சம் குத்திவிட்டேன்."

"என் தையல் ஊசி. எலி தூக்கிட்டுப் போச்சுன்னீங்க."

"எலியும் தூக்கும்ல."

ஆய்வாளர் கடைவரிசைக்கு இறங்கி, ஒரு மரத்தடியைக் கிளறி, வேரினைக் கத்தியால் சீவி முகர்ந்தார். உள்ளே பால்போல் வெண்மை.

"அழுகல் எங்க இருக்கு? இதுக்கு நோயே இல்லைங்க. தாகம். மேல நீங்க தொறந்துவிட்டீங்க, கீழ வர்றதுக்குத் தண்ணி மிச்சமில்ல."

தோப்புக்காரன் அம்மரத்தடியிலேயே அமர்ந்துவிட்டான். ஆய்வாளரோ முத்திரைப் பையைத் திறந்தார்.

"மேடம்," என்றாள் மனைவி. "பூட்டணும்னா பூட்டுங்க. சாயங்காலம் பூட்டுங்க. வாங்கினப்போ குடுத்த புதுச் சொட்டுவான் ஒரு மூட்டை பரண்ல கிடக்கு. அதுக்குள்ள மாத்திடறோம்."

"நாலு மணிக்கு வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா கெஞ்சக் கூடாது."

"கெஞ்ச மாட்டேங்க."

அவர்கள் உண்ணவில்லை, ஒருவரையொருவர் கடிந்துகொள்ளவும் நேரமில்லை. அவன் கழற்ற, அவள் பொருத்த, விரல்நுனி தேய்ந்து சிவக்க, நானூறு சொட்டுவான்களை மாற்றி அவர்கள் நிமிர்ந்தபோது ஆய்வாளர் வரப்பில் நின்றிருந்தார். மீண்டும் குவளைகள், மீண்டும் கடிகாரம். மேற்குவளைக்கும் கீழ்க்குவளைக்கும் ஒரு நகக்கண் அளவே வேற்றுமை. அவர் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, முத்திரைப் பையின் வாயைக் கட்டினார்.

"இப்போ அந்த டீயைக் குடுங்க," என்றார்.

இருபதில் எத்தனை பிழைக்கும் என்பதை அவர் கூறவில்லை. இலை உதிர்ந்த கிளைகள் சில இனித் தளிர்க்கப் போவதுமில்லை. எனினும் வெட்டும் நாள் அன்றே நீங்கிற்று. ஒருபால் மிகுந்த பரிவே மறுபால் வறட்சியாய் முடிந்ததை அத்தோப்பில் எவரும் ஓராண்டாய்க் கண்டாரில்லை. அளந்து பார்க்க ஓர் அயலார் வேண்டியிருந்தது. அளந்தபின் வேண்டியிருந்தது ஒரு பகலின் உழைப்பே. அதனை அவர்கள் தந்தனர். கடைசி மரத்தின் அடியில், உள்ளங்கையகல ஈரம் மெல்லப் பரந்துகொண்டிருந்தது.