மேல் ஏரியிலிருந்து இறங்கும் வழி

“மேல ஏறினவன் இறங்கி வரலன்னா, கீழ இருக்கறவ என்ன பண்ணணும்?”

பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அவள் நின்றுவிட்ட வருஷம் அப்பா கேட்டது. அவள் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திராமல் மேஜையில் விரித்திருந்த வரைபடத்தின்மேல் குனிந்துவிட்டார். இப்போது கூடத்தில் கிடத்தியிருந்த அவருடைய பாதங்களை ஈரத்துணியால் துடைக்கும்போது அது ஏன் நினைவுக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“விரல் இடுக்கெல்லாம் துடைடி,” என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா. ஒரு பாட்டம் அழுது முடித்திருந்தாள். “கல்யாணத்தன்னைக்கே பொண்ணைப் பார்க்காம மேப்பைப் பார்த்துட்டிருந்தவன். போறப்பவும் அதைப் பார்த்துட்டேதான் போயிருக்கான்.”

யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

வழி போடுவதுதான் அப்பாவின் வேலை. மலையேற வருகிறவர்களைக் கூட்டிப்போகும் ஒரு நிறுவனத்துக்கு, எந்தச் சரிவில் ஏறுவது, எந்த ஏரியைச் சுற்றுவது, எந்தப் பாறையில் கையையும் ஊன்றித் தொற்றிப் போவது, மழை பிடித்தால் எங்கே ஒதுங்குவது என்று வகுத்துக் கொடுப்பார். முழங்கால் போனபிறகு அவர் மலைப்பக்கம் போனதில்லை. உள்ளறை மேஜையிலிருந்தே போய்வந்தார். பழைய மழைக்கோட்டிலிருந்து உதிர்ந்த ஒரு கறுப்புப் பொத்தான்தான் அவர். அதை வரைபடத்தில் வைத்து விரல் நுனியால் நகர்த்திக்கொண்டே போவார். ஏற்றம் வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கும். அடுப்படியிலிருந்து அதைக் கேட்டபடி அம்மா சொல்வாள்: “இப்பத்தான் சதுப்பைத் தாண்டுறார் மனுஷன். சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கு.”

பொத்தானை வேறு யாரும் தொடக்கூடாது. அவர் பாறையில் இருக்கும்போது கூப்பிடக்கூடாது. கவனம் சிதறினால் கால் தவறும். பொத்தான் மறுபடி அடிவாரத்துக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் எழுந்து சாப்பிட வருவார். ஆளை மலையில் விட்டுவிட்டு எவனாவது இலை முன்னால் உட்காருவானா என்பார்.

காலையில் அம்மா டீ கொண்டுபோனபோது நாற்காலியிலேயே இறந்திருந்தார். பொத்தான் மேல் ஏரிக்கும் கீழ் ஏரிக்கும் நடுவில், பாறை முதுகின் உச்சியில் இருந்தது.

அம்மா அழவில்லை. “இவர் இன்னும் இறங்கல. இறங்காம எடுக்க விடமாட்டேன்,” என்றாள். வருகிறவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னாள். வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

மதியம் எடுத்துப்போகப் பெட்டியோடு வண்டி வந்தது. டிரைவர் வாய் ஓயாதவர். “அவசரமே இல்லீங்க, நிதானமாப் பண்ணுங்க. போன வாரம் ஒரு வீட்டுல மாப்பிள்ளைக்காகக் காத்துக் கிடந்தோம். அவரு தப்பான வீட்டுக்குப் போயி ஒரு மணி நேரம் அழுதுட்டு, காபியும் குடிச்சுட்டு வர்றாரு,” என்று வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குப் போட வேறு சட்டை எடுக்க அவள் உள்ளறைக்குப் போனாள். பொத்தான் உச்சியில் இல்லை. ஒரு விரற்கடை கீழே, பாறை விளிம்பில் இருந்தது.

யாராவது இடித்திருப்பார்கள் என்று நினைத்தாள். அலமாரியைத் திறந்து, வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பொத்தான் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அப்போதுதான் மூச்சுச் சத்தம் கேட்டது. காலியான நாற்காலியில், ஒரு ஆள் உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்திலிருந்து. ஏறுகிறவரின் மூச்சு இல்லை. ஒவ்வோர் அடிக்கும் பிடித்து வைத்து, கால் ஊன்றியதும் விடும் மூச்சு. இறங்குகிறார்.

அவளுக்குப் பயம் வரவில்லை. வரைபடத்தைப் பார்த்தபிறகு வந்தது.

அப்பா பழைய வரைபடத்தில்தான் வழி போடுவார். நடந்த காலத்தில் அவர் வைத்த குறிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. கீழ் ஏரியின் அணையை உயர்த்தியபோது கரைப்பாதை முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. சுவரில் மாட்டிய புது வரைபடத்தில் அந்தத் தண்ணீர் இருக்கிறது. அவர் உச்சிக்கு ஏறி முடித்தபிறகுதான் சுவரைப் பார்த்து, இறங்கும் பக்கத்தில் தண்ணீரை நீலப் பென்சிலால் தீட்டிக்கொள்வார்; அடிவாரம் சேர்ந்ததும் அழித்துவிடுவார். ‘ஏறுறப்ப இறக்கத்தை நினைக்கக்கூடாது’ என்பது அவர் கட்சி. இன்று தீட்டவில்லை. சீவிய பென்சில் அப்படியே கிடந்தது. பழைய தாளில் கரைப்பாதை காய்ந்து, வெள்ளையாக, நடக்க வா என்று கிடந்தது. அதை நோக்கித்தான் அவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

கூப்பிடலாம். ஆனால் இன்னும் பாறையில் இருக்கிறார். கொஞ்சம் கீழே ஒரு புல் திட்டு உண்டு. அங்கிருந்து இடதுகைப் பக்கம் திரும்பினால் கணவாய். திட்டைத் தாண்டிவிட்டால் நேரே தண்ணீர்தான். அவள் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொத்தான் அசையவில்லை. கண்ணை மூடித் திறந்தால் நகர்ந்திருந்தது.

அண்ணன் உள்ளே வந்தான். “சட்டை எடுக்க இவ்வளவு நேரமா? இந்த மேஜை முன்னாடி வேணும், பெட்டியை எது மேல வைக்கறது?” என்றபடி வரைபடத்தின் ஓரத்தைப் பிடித்தான்.

“மடிக்காதண்ணே.”

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் அவனை மறுத்துப் பேசி அவன் கேட்டதேயில்லை.

“அம்மாதான் ஒரு மாதிரி பேசறாங்கன்னா, நீயுமா? வெளியில அத்தனை பேரு நிக்கறாங்க...”

“சத்தம் போடாத. பாறையில இருக்கார்.”

அவன் வாயைத் திறந்தான். பிறகு அவனுக்கும் கேட்டது. கை வரைபடத்திலிருந்து மெல்ல விலகியது. சிறுவயதில் அடி வாங்கப் போகும்போது நிற்பதுபோலச் சுவரோடு ஒட்டி நின்றான்.

அம்மா நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

மகள் கண்ணை மூடித் திறந்தாள். பொத்தான் புல் திட்டில் இருந்தது. மூச்சு சற்றே இளைப்பாறியது.

அவள் நீலப் பென்சிலை எடுத்தாள். சுவரைப் பார்த்துப் பார்த்து, கரைப்பாதையின்மேல் அணையிலிருந்து ஏரியின் மறுகோடிவரை தண்ணீரைத் தீட்டினாள். ஒரு கோடு வெளியே ஓடியது. தீட்டிய இடத்தில் தாள் குளிர்ந்திருந்தது.

“அப்பா,” என்றாள். மறுபடி, “அப்பா. அந்த வழி இல்லப்பா. தண்ணி ஏறிடுச்சு. இடதுகைப் பக்கம் திரும்புங்க. கணவாய் வழியா போயி ஓடையோரமா இறங்கிடலாம்,” என்றாள்.

மூச்சு நின்றது.

“அண்ணே, கிளம்ப...” என்று கேட்டுக்கொண்டே வந்த டிரைவர் அம்மாவின் பின்னால் அப்படியே நின்றார்.

பொத்தான் திட்டின் விளிம்பில் இருந்தது. கீழே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான், யார் எது சொன்னாலும் முதலில் காது கேட்காததுபோல் இருப்பார்.

“நின்னுக்கிட்டு என்ன யோசனை?” என்றாள் அம்மா. “புள்ள சொல்றதை ஒரு தடவையாவது கேளுங்களேன்.”

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை திறக்கவில்லை. கூடத்தில் அத்தை மூக்கைச் சிந்துவது கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு மிக அருகில், களைத்த மூச்சு ஒன்று மெல்லத் தொடங்கியது. ஒரு சின்ன ஏற்றத்தில் வாங்கியது. அது கணவாய். அதன்பின் நீண்ட இறக்கம்.

“ஓடையைத் தாண்டறப்ப கல்லு வழுக்கும்,” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. “வேலிக்கு அந்தப் பக்கம் தடம் இருக்கு. அதுலயே வாங்க.”

மூச்சு சீரானது. சமதளத்துக்கு வந்துவிட்டவரின் மூச்சு. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. அவள் கண்ணைத் திறந்தபோது பொத்தான் கார் நிறுத்துமிடத்தில் இருந்தது.

அம்மாதான் முதலில் நகர்ந்தாள். மகள் கையிலிருந்த சட்டையை வாங்கி உதறி, “கை மடிச்சு விடணும் அவருக்கு. முழுக்கை புடிக்காது,” என்றாள். சொல்லும்போதே அவள் முகம் உடைந்தது.

பெட்டியைத் தூக்கும்போது அண்ணன் தலைமாட்டுப் பக்கம் பிடித்துக்கொண்டான். வாசல்படியில் திரும்பும்போது, “பார்த்து, இடதுகைப் பக்கம்,” என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தான். அவளும் அம்மாவும் வாசல் கேட்டருகே நின்றார்கள்.

டிரைவர் பின்கதவை இரண்டு கைகளாலும் அழுத்தி, சத்தம் வராமல் மூடினார். யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றித் தன் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு ஏறினார். எஞ்சினைக் கிளப்பவில்லை; பிரேக்கை மட்டும் விட்டார். சரிவான தெருவில் வண்டி தானாக உருளத் தொடங்கி, நடக்கிறவனின் வேகத்தில், ஓசையே இல்லாமல் வளைவைத் தாண்டிப் போனது.