நிமிர்த்தி வெட்டிய வில்லை

என் மச்சினி அந்த வில்லையைக் கையில் ஏந்தி வந்த அன்று ஆய்வுக்கூடமே ஓரடி மேலே எழும்பியது. மிகைப்படுத்துகிறேன் என்பாள் என் மனைவி. சரி, அரையடி.

வில்லை என்றால் பெரிய மாத்திரை அளவில் ஒரு சாம்பல் நிறக் கட்டி. ஒரு பக்கம் சூடு காட்டி, மறுபக்கத்தைக் குளிர்ச்சியாக வைத்தால் மின்சாரம் தரும். இதில் வம்பு என்னவென்றால், மின்சாரம் உள்ளே ஓட வேண்டும், சூடு ஓடக்கூடாது. அணு அளவில் சின்னச் சின்னக் குறைகள் இருந்தால் நல்லது; பெரும்பாலும் சூட்டின் காலைத்தான் இடறிவிடும். விரிசல் விழுந்தாலோ போச்சு, இரண்டுக்குமே வழி அடைபடும்.

மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது, சூடு எவ்வளவு திணறுகிறது என்ற இரண்டையும் சேர்த்து, வில்லையின் திறனை ஒரே எண்ணாகப் போடுவார்கள். அவள் வில்லை இதுவரை யாரும் காணாத எண்ணைக் காட்டியிருந்தது. கேக் வெட்டியாயிற்று. இயக்குநர் மேலிடத்தில் சொல்லியும் விட்டார். அந்த எண் நின்றால் அவள் திட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம். நிற்காவிட்டால் மாதக் கடைசியில் மூடுவிழா. ஐம்பது வயதில் அவள் வேறு வேலை தேட வேண்டும்.

நான் அங்கே முப்பத்தைந்து வருடம் வைரத்தூள் பதித்த ரம்பம் ஓட்டி ஓய்வு பெற்றவன். எனக்குப் பின் வந்தவர்கள் முறைத்துப் பார்த்தாலே வில்லை தூளாகிறதாம். அதனால் வாரம் இரண்டு நாள் கூப்பிடுவார்கள். கொசு இறக்கையை எட்டாக வெட்டச் சொன்னாலும் வெட்டுவேன்.

"அத்தான், இன்னொரு துண்டு வேணும். இந்தத் தடவை நிமிர்த்தி வெட்டுங்க."

"எதுக்கு? படுக்கப் போட்டு வெட்டினாத்தான் நீளமா வரும், உடையாது."

"மின்சாரத்தைப் படுக்கைவாட்டுல அளந்தோம். சூட்டை மேலிருந்து கீழ அளந்தோம். ரெண்டையும் ஒரே வாட்டுல பார்த்துடலாம். மனசு உறுத்துது."

"கேக்கைத் தின்னு முடிச்ச பிறகா உறுத்துது?"

"தின்னது பூரா நீங்க!"

நிமிர்த்திப் பிடித்து ரம்பத்தைத் தொட வைத்தேன். நான்காக உடைந்தது. மறுபடி வெட்டினேன், ஐந்து. ரம்பத்தைத் திட்டினேன், அதைக் குளிர்விக்கும் தண்ணீரைத் திட்டினேன், ரம்பம் செய்தவனின் பரம்பரையையே திட்டினேன். அவள் ஒரு சில்லை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

உள்ளே புத்தகத் தாள்கள் மாதிரி அடுக்கடுக்காக மயிரிழை விரிசல்கள், எல்லாம் படுக்கைவாட்டில். மின்சாரம் தாளோடு வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. சூடோ தாளுக்குத் தாள் தாண்டிக் குதித்துத் திணறியிருக்கிறது.

"ஒருத்தனோட உயரத்தையும் இன்னொருத்தனோட எடையையும் எடுத்து ஒரே ஆளுக்கு எழுதியிருக்கோம் அத்தான்."

தப்பிப் பிழைத்த துண்டு ஒன்றில் மேலிருந்து கீழாக மின்சாரத்தை அளந்தாள். நத்தையே முந்திக்கொண்டு போயிருக்கும். எண் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

விரிசலுக்குக் காரணமும் தெரிந்தது. பொடியை அழுத்தி வில்லையாக வார்க்கும் உலை எல்லாருக்கும் பொது, ஆளுக்கு இரண்டு மணி நேரம். முறை முடிவதற்குள் எடுக்க வேண்டுமே என்று எல்லாரும் மின்விசிறியை வைத்துச் சூட்டை விரட்டுவார்கள். திடீரென்று குளிர்ந்தால் எதுதான் வெடிக்காது?

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

"நான் துண்டைத் தொலைச்சுட்டேன்னு சொல்லிடு. என்னை வேலையை விட்டா தூக்க முடியும்?"

சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. "நீங்க துண்டைத் தொலைச்சா விரிசல் தொலையுமா?"

நேரே இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் வந்து நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"மேலிடத்துல நான் போய் எண்ணைத் திரும்ப வாங்கிக்கறேன்மா. மாசக் கடைசிங்கறது மாறாது. அதுவரைக்கும் உலை உங்களுக்குத்தான். மத்தவங்க என்னைத் திட்டட்டும்."

மின்விசிறியைத் தூக்கி மூலையில் வைத்தாள். உலை ஒரு முழு நாள் தானாக ஆறியது. முதல் வில்லை ஓரத்தில் விரிசல் விட்டது, இரண்டாவது நடுவில். மூன்றாவதை நிமிர்த்தி வெட்டியபோது நான் மூச்சுவிடவில்லை, ஒரு மணி நேரம் இருக்கும். துண்டு முழுசாகத் தட்டில் விழுந்து டிங் என்றது.

பழைய எண்ணில் முக்கால்தான் வந்தது. ஆனால் இம்முறை இரண்டையும் ஒரே வாட்டில் அளந்திருந்தோம்.

மூன்று வருடம் கேட்டதற்கு மேலிடம் ஒரு வருடம் கொடுத்தது. கடிதத்தை இரண்டு முறை படித்தவள், மேசையில் தலை சாய்த்து, பட்டப்பகலில் ஜன்னல் அதிரக் குறட்டை விட்டாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.