குண்டு விமானங்களை விட்டுப் போனவன்

1

இந்தக் காலத்தில் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்பது மிகவும் மலிந்துவிட்டது. மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறவர்கள் புறப்படுமுன் போனில் ஒரு வரி எழுதி இருநூறு பேருக்கு ஒரேயடியாக அனுப்புகிறார்கள். என்ன தவறு, யாருக்குச் செய்தது, ஒன்றும் அதில் இல்லை. வீடு தேடிப் போய் முகத்தைப் பார்த்துக் கேட்பதுதான் முறை.

கல்முனை பக்கீர் முகைதீனுக்கு வெள்ளிக்கிழமை உம்றாப் பயணம். எல்லாரிடமும் கேட்டு முடித்துவிட்டார். மிச்சம் ஒரே வீடு, மச்சான் ஜெமீலின் வீடு. அங்கே மட்டும் வாய் வரவில்லை. அதனால் பிறந்தது இந்தக் கதை. (எழுதுகிறவரும் அவர்தான். 'நான்' என்று போட்டால் வாசிக்கிறவர்கள் இரக்கப்படுவார்கள். இரக்கத்தை அவர் நம்புவதில்லை.)

2

நாற்பது வருடங்களுக்கு முன் வரிப்பத்தான்சேனை வயலில் இருவரும் யானைக்காவல் இருந்தார்கள். பரணை விட்டுத் தனியே இறங்கக் கூடாது என்பது காவலின் சட்டம். ஒற்றை யானையைக் கண்டதும் பக்கீர் யானை வெடிகளை அள்ளிக்கொண்டு துரத்தினார். மறுபக்கத்தால் யானைக் கூட்டம் வந்தது. திரும்பி வந்தபோது ஜெமீல் பரணின் கீழே கால் முறிந்து கிடந்தார். இன்றும் நொண்டித்தான் நடக்கிறார்.

இதை நேராக எழுத உட்கார்ந்து மூன்று தடவை [இந்த வரி வேண்டாம்].

பிறகு ஒருநாள் மகள் நுஸ்ரத்தின் போனில் பழைய யுத்தப் படம் ஓடியது. குண்டு விமானங்களுக்குக் காவலாகச் சண்டை விமானங்கள் போயின. காவலை விட்டு எதிரியைத் துரத்தக் கூடாதாம். பக்கீர் நிமிர்ந்து உட்கார்ந்து, எழுதுகிற கொப்பியை எடுத்தார்.

3

"வானம் மிக அழகாக" [வெட்டியாயிற்று. சண்டைக்குப் போகிறவன் அழகு பார்க்கமாட்டான்.]

ஆறு குண்டு விமானங்கள் கனத்துப்போய் மெதுவாகச் சென்றன. மேலே நான்கு சண்டை விமானங்கள் வளைந்து வளைந்து காவல் பறந்தன. அவற்றில் ஒன்றில் நம் விமானி.* கடைசிக் குண்டு விமானத்தின் வாலில் துப்பாக்கியோடு இருந்தவன் அவனுடைய கூட்டாளி.

சூரியனுக்குள்ளிருந்து எதிரி விமானமொன்று வந்து சுட்டுவிட்டுக் கீழே பாய்ந்தது. விமானி அதன் பின்னாலேயே பாய்ந்தான். காது அடைத்தது, இறக்கை நடுங்கியது. எதிரி விமானம் புகைவிடும்வரை சுட்டான். வெற்றி என்று மேலே ஏறினால் வானம் காலி. தூரத்தில் மூன்று எதிரிகள் கடைசிக் குண்டு விமானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

* எந்த நாட்டுக்காரன் என்று கேட்க வேண்டாம். எதை எழுதினாலும் ஒருவர் சண்டைக்கு வருவார்.

4

பின்னேரம் அஸர் தொழுதபின் கொப்பியைக் கொண்டுபோய் ஜெமீலுக்கு வாசித்தார். பாதியிலேயே ஜெமீல் மறித்தார்.

"சனத்துக்கு மேல குண்டு போடப் போறவனுக்குக் காவலா? விழுந்தது நல்லதுதானே மச்சான்."

பக்கீர் அங்கேயே பேனையை எடுத்து, குண்டு விமானங்கள் குண்டுகளையெல்லாம் கடலில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது நடந்ததாகத் திருத்தினார். ஜெமீல் அப்போதும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை.

முடிவு இரண்டு வைத்திருந்தார். ஒன்றில் காயப்பட்ட கூட்டாளி விமானியைக் கட்டிப்பிடிக்கிறான். மற்றதில் முகத்தைத் திருப்புகிறான். எது சரி என்று கேட்டுவிட்டு, கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெமீல் முறிந்த காலை மெதுவாக நீட்டினார்.

"ரெண்டும் பிழ. யான என்னத் தள்ளல்ல மச்சான். நீ தனியப் போறாய் எண்டு ஒனக்குப் பின்னால நானாத்தான் இறங்கினன். ஏணியில வழுக்கிற்று."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று பக்கீர் கேட்டார்.

"நீ கேக்கல்லயே. எப்ப கேப்பாய் எண்டு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன்."

"சரி, இப்ப கேக்கன். மாப்புத் தா."

"தாறதுக்கு ஒண்டுமில்ல எண்டுதானே சொல்றன்."

மூன்றாவது முடிவு இது. ஜெமீல் சொன்னபடியே எழுதியாயிற்று. ஆனால் சாகக் கிடக்கிறவரிடமும் "நல்லாத்தான் இருக்காய்" என்று சொல்லிவிட்டு வருகிற ஆள் ஜெமீல். பயணம் போகிறவனின் பாரத்தைக் குறைக்கப் பொய் சொல்ல அவருக்கு நெடுநேரம் வேண்டாம். நம்புவதும் விடுவதும் வாசிக்கிறவர் பாடு.

பக்கீர் கொப்பியைக் கக்கத்தில் வைத்து, சலாம் சொல்லி எழுந்தார். மாப்பு என்ற சொல் கடைசிவரை ஜெமீலின் வாயிலிருந்து வரவில்லை. ஏணி அப்படி வழுக்கக்கூடிய ஏணியல்ல, அது தன் கையாலேயே கட்டிய ஏணி என்று முணுமுணுத்தபடி றோட்டைக் கடந்து போனார்.